ஒரே சீட்டில் இரண்டு வண்டி

தொண்டை கட்டியிருக்கிறது என்பதுதான் வெல்டா ஹ்ரூஷ்கா என்னிடம் சொன்ன முதல் பொய். நாற்பது வருடப் பழக்கத்தில் அதற்கு முன் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் பார்த்த வேலையும் அப்படிப்பட்டது.

எங்கள் டாலிஸ் ஊர் தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருடமாக எடைமேடை அவள் பொறுப்பு. சோளம் ஏற்றிய லாரி மேடை ஏறும், எடை போடுவாள். கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும், மறுபடி எடை போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். இதில் அவளுக்கு ஒரு வித்தை உண்டு. காலி வண்டி மேடையில் ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்து, வெற்று எடை இத்தனை பவுண்டு என்று சொல்லிவிடுவாள். மேடையின் முள் அப்புறம் வந்து ஆமாம் போடும். மாவட்டத்தில் ஓடிய அத்தனை லாரியும் அவளுக்கு மனப்பாடம். வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் எங்கள் ஆட்கள் பந்தயம் கட்டி பியர் வாங்கிக் குடித்திருக்கிறார்கள்.

அந்த மார்ச் மாதம் ரோலண்ட் ப்ரூயிட்டின் சிவப்பு லாரி காலியாக வந்து நின்றது. இருபது வருடமாக வருகிற லாரி. நூலகத்தைப் பூட்டிவிட்டு நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். வெல்டா ஜன்னலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன வெல்டா, இன்னைக்கு ஜோசியம் சொல்லலியா?" என்று ரோலண்ட் கீழேயிருந்து கத்தினான்.

அவள் முள்ளைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள். என் பக்கம் திரும்பி, "தொண்டை கட்டிருக்கு," என்றாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. எண்தான் வரவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வெல்டாவின் அம்மா லுட்மிலாவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தொன்பது வயதில் அந்த அம்மாள் கோழிகளின் பெயரை மறந்தாள். பிறகு ஒரே மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அறுபத்திரண்டில் ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது வெல்டாவைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அதற்கப்புறம் ஒன்பது வருடம் வெல்டாதான் அவளைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தெருவில் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தாள். வெல்டாவின் கணவன் லெனர்ட் இந்த ஒன்பது வருடத்துக்கு நடுவில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவனுக்காக உட்கார்ந்து அழக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்தப் பிப்ரவரியில் வெல்டாவுக்கு ஐம்பத்தொன்பது முடிந்திருந்தது.

டாக்டரிடம் போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். "போனா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? கடிகாரம் வரையச் சொல்லுவாங்க. மூணு வார்த்தை சொல்லிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேப்பாங்க. எங்கம்மா வரைஞ்ச கடிகாரத்தைப் பக்கத்துல நின்னு பாத்தவடி நான்," என்றாள். பன்னிரண்டு எண்களையும் அந்த அம்மாள் வலது பாதியிலேயே திணித்திருந்தாளாம். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அவளைவிட எனக்குப் பயம் அதிகம், சொல்லிக்கொள்ளத்தான் வெட்கம்.

நாடகம் வந்து சேர்ந்தது இந்த நேரத்தில்தான். ஜூனில் ஊருக்கு நூற்றிருபத்தைந்து வயது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த மார்சி என்ற ஆசிரியை, அல்மீடா ப்ரூயிட்டின் நாட்குறிப்பை மேடையேற்ற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அல்மீடா இங்கே முதன்முதல் குடியேறிய பெண்களில் ஒருத்தி, ரோலண்டின் கொள்ளுப்பாட்டி. புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டில், வறட்டி எரித்து, நாற்பது மைல் சுற்றளவில் ஒரு கடைகூட இல்லாமல் குடித்தனம் நடத்தியவள். அவள் எழுதிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ரோலண்ட் அதைத் துப்பாக்கிகளோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான். ஒரே ஒரு முறை, ஜெராக்ஸ் எடுக்க மட்டும் கொடுத்தான். அந்த ஜெராக்ஸைப் பார்த்து டைப் அடித்தது நான். என் பெயரை நாடக ஏட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டேன், அந்தப் பெருமையையும் மறைப்பானேன்.

ஒரே ஆள், ஒன்றரை மணி நேரம், முப்பத்தெட்டுப் பக்க வசனம். கிடங்கின் காற்றாடிச் சத்தத்தையும் மீறிப் பேசிப் பழகிய குரல் வெல்டாவுடையது. அவளைச் சொன்னது நான்தான். முப்பத்தெட்டுப் பக்கத்தை முழுங்கிவிட்டாளானால் அந்தப் பயம் தானாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

வெல்டா ஒரு இரவு முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றாள். கூடவே ஒன்று சொன்னாள். "நாடகம் தடங்கல் இல்லாம முடிஞ்சுதுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தடுக்கிச்சுன்னா, ஆச்சு. எங்கம்மா வழிதான்."

"இதெல்லாம் ஒரு பந்தயமா? நானும் நேத்து மூக்குக்கண்ணாடியைத் தலையில வச்சிட்டுத் தேடினேன்," என்றேன்.

"நீ எப்பவுமே அப்படித்தான். உன்னை வச்சு எதையும் அளக்க முடியாது."

ஏப்ரல் முழுக்க அவள் எடைமேடையில் உட்கார்ந்து நெட்டுருப் போட்டாள். மே மாதம் ஒத்திகை தொடங்கியது. பள்ளிக் கூடைப்பந்துக் கூடத்தில் மேடை. ஒரு மேஜை, ஒரு அடுப்பு, துணிக்கம்பியில் தொங்கும் ஒட்டுத்துணிப் போர்வை. போர்வைக்குப் பின்னால் முக்காலி போட்டு, ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான். வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அல்மீடா வளவளவென்று எழுதுகிறவள் இல்லை. துவைத்தேன், சுட்டேன், பசு கன்று போட்டது. பல தேதிகளுக்கு எதிரே 'காற்று' என்ற ஒற்றைச் சொல்தான். எங்கள் ஊரில் காற்றடித்தால் அதற்குமேல் எழுத ஒன்றும் இருக்காது. மார்சி அவற்றில் நான்கை மட்டும் நாடகத்தில் வைத்துக்கொண்டாள். ஐந்தாவது காற்று வந்தால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்றாள்.

முதல் ஒத்திகையில் வெல்டா அருவியாகக் கொட்டினாள். ஏப்ரல் எட்டாம் தேதி வந்தது. எல்லோருக்கும் பிடித்த இடம் அது. 'பெரிய வெள்ளி. விதை உருளை நறுக்கி வைத்தேன். தரை உறைந்து கிடக்கிறது. ஜோஸையா கோடாரி எடுத்தார். சின்னப் பெட்டி போதும்.' எங்கள் பக்கம் பெரிய வெள்ளியன்று உருளைக்கிழங்கு நடாத வீடு கிடையாது. பனி கிடந்தாலும் நட்டே தீருவோம். அந்த வீம்பில் கோடாரியோடு தோட்டத்துக்குப் போகும் புருஷனை வெல்டா நடித்துக் காட்டினாள். ஒத்திகை பார்க்க வந்த ரோலண்ட் தொடையில் தட்டிச் சிரித்தான். "எங்க வம்சத்துல எல்லாருக்கும் அந்தக் கிறுக்கு உண்டு," என்றான்.

அடுத்த வரி ஏப்ரல் ஒன்பது. 'பாப்பா நாயைப் பார்த்துச் சிரித்தது.' வெல்டா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். சொன்னாள், மேலே போனாள்.

இரண்டாம் ஒத்திகையிலும் அதே இடத்தில் நின்றாள். மூன்றாவதிலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போவதைப் போர்வை ஓட்டை வழியாகப் பார்த்தேன். "எத்தனை தடவைடி தடுக்கினேன்?" என்று கேட்பாள். வேறு ஓரிரு இடங்களிலும் சறுக்கியிருப்பாள். நான், "அந்த ஒண்ணுதான்," என்பேன். எடை குறைத்துச் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒரு மத்தியானம் அவளைத் தேடி எடைமேடைக்குப் போனேன். சுவரெல்லாம் துண்டுச் சீட்டுகள். 'பாப்பா நாயைப் பார்த்துச் சிரித்தது.' அலமாரியில், காபி இயந்திரத்தின் மேல், ஜன்னல் கண்ணாடியில், எங்கே பார்த்தாலும் அதுதான். அவள் அம்மா வீட்டில் இப்படித்தான் வெல்டா சீட்டு ஒட்டியிருந்தாள். இது கழிப்பறை, இது அடுப்பு, தொடாதே.

"ஆறு வார்த்தைகூட இல்ல ஆர்டித்," என்றாள். "நாலு வார்த்தை. ராத்திரி முழுக்கச் சொல்றேன், வருது. மேடையில அந்தப் பெட்டியை வச்சிட்டு நிமிர்ந்தா, வாய் பூட்டிக்குது. எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. பயமா இருக்குடி. ரொம்பப் பயமா இருக்கு."

"வேணும்னா அந்த வரியை எடுத்துடச் சொல்றேன்."

"எடுக்காதே. அப்புறம் நான் எதை நம்புறது?"

வெளியே ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அவள் எழுந்து, பழக்கத்தில், வெற்று எடையைச் சொன்னாள். சரியாக இருந்தது. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவள், திடீரென்று என் ஏட்டைப் பிடுங்கி ஏப்ரல் பக்கத்தைப் புரட்டினாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். உதடு அசைந்தது. அவள் கணக்குச் சரிபார்க்கும்போது அப்படித்தான்.

"ஏப்ரல் மூணு. 'கதவைத் திறந்து வைத்தேன், வெயில் நன்றாக இருக்கிறது. வாசல் வரை பனி.' இது என்ன?"

"நம்ம ஊரு ஏப்ரல். காலையில வேர்க்கும், சாயந்திரம் பனி கொட்டும். புதுசா?"

"ஏப்ரல் அஞ்சு. 'கோழி பதினொரு முட்டை. கோழி ஒன்றும் மிஞ்சவில்லை.'"

"நரி தின்னிருக்கும்."

"எல்லா நாளுமா ரெண்டு ரெண்டா வரும்?" வெல்டா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை, கிடங்குக்காரியின் சந்தேகம் இருந்தது. "ஒரே சீட்டுல ரெண்டு வண்டி ஏறியிருக்கு ஆர்டித். எடை ஒத்து வரல. நீ என்னத்தைப் பாத்து அடிச்ச?"

அப்படியே அவள் பிக்கப்பில் ரோலண்ட் வீட்டுக்குப் போனோம். அவன் முணுமுணுத்துக்கொண்டே இரும்புப் பெட்டியைத் திறந்து, மாவுச்சாக்குத் துணியில் சுற்றிய புத்தகத்தை மேஜையில் வைத்தான். தேதி அச்சிட்ட பழைய நாட்குறிப்பு. ஏப்ரல் எட்டைத் திறந்தேன்.

மேலே இருந்தது பழுப்பு மையில். 'பெரிய வெள்ளி. விதை உருளை நறுக்கி வைத்தேன்.' அதன்கீழே கொஞ்சம் இடம் விட்டு, மங்கலான பென்சிலில். 'தரை உறைந்து கிடக்கிறது. ஜோஸையா கோடாரி எடுத்தார். சின்னப் பெட்டி போதும்.' ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக, பென்சிலிலேயே 88. முதல் பக்கத்தில் மையில் இருந்ததோ 1887.

அடுத்த வருடம் அவளுக்குப் புதுப் புத்தகம் கிடைக்கவில்லை. பழைய புத்தகத்திலேயே, ஒவ்வொரு தேதியிலும் மிச்சமிருந்த இடத்தில், இன்னொரு வருடத்தை எழுதியிருக்கிறாள். மே மாதத்தோடு பென்சில் நின்றுவிடுகிறது. ஜெராக்ஸில் மையும் பென்சிலும் ஒரே கறுப்பு. நான் இரண்டு வருடத்தை ஒன்றாகக் கோத்துவிட்டேன். ஒரே நாளில் வெயிலும் பனியும் வந்தால் வேறு ஊர்க்காரன் சந்தேகப்பட்டிருப்பான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தினசரி நடப்பு. பெரிய வெள்ளி, உருளை, பெட்டி என்றதும் மேற்கொண்டு யோசிக்கவே இல்லை.

பாப்பா நாயைப் பார்த்துச் சிரித்தது 1887இல். அந்தப் பெட்டி அடுத்த வருடத்தினுடையது.

வெல்டா அடுத்த தேதியைப் பார்த்தாள். பாப்பா சிரித்ததற்குக் கீழே பென்சிலில் ஒரே சொல். காற்று.

ரோலண்ட் தொப்பியைக் கழற்றிவிட்டான். "அந்தப் பாப்பாதான் எங்க தாத்தான்னு நெனச்சிட்டிருந்தோம்," என்றான். தாத்தா பிறந்தது 1890. அதை யாரும் கழித்துப் பார்க்கவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "நான் மூணு தடவை சிரிச்சேனே," என்றான்.

திரும்பும்போது வெல்டா வண்டியைச் சாலை ஓரம் நிறுத்திவிட்டு அழுதாள், சிரித்தாள், என் தோளில் குத்தினாள். "எம் மூளை நல்லாத்தான்டி இருக்கு. சவப்பெட்டியை வச்ச கையோட பாப்பா சிரிச்சுதுன்னு சொல்ல எப்படிடி வாய் வரும்? நீதான் கழுதை." நான் கழுதைதான் என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். மூன்று வாரம் அவளை என் தவறு சித்திரவதை செய்திருக்கிறது. ஆனாலும் எனக்கு உயிர் வந்தது. ரோலண்டின் சிவப்பு லாரியை அன்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. அல்லது நினைத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

மார்சி ஏட்டைத் திருத்தினாள். கோடாரிக் கூத்தை எடுத்துவிட்டாள். இரண்டு ஏப்ரலும் தனித்தனியாக வந்தன. நான்கு காற்று நான்காகவே இருந்தது, அதில் ஒன்று மட்டும் பெட்டிக்கு அடுத்து வந்து நின்றது. அதன்பிறகு நடந்த இரண்டு ஒத்திகையிலும் வெல்டா தடுமாறவே இல்லை.

ஜூன் மாத ஞாயிறு, மதியம் இரண்டு மணி. கூடத்தில் இருநூறு பேர், எல்லோர் கையிலும் நிகழ்ச்சி அட்டை விசிறி. சமையலறையில் தேவாலயத்துப் பெண்கள் பன்றி இறைச்சி ரொட்டியும் புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட ருபார்ப் பலகாரமும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போர்வைக்குப் பின்னால் என் உள்ளங்கை வியர்த்து ஏட்டின் ஓரம் ஈரமாகிவிட்டது.

ஏப்ரல் எட்டு வந்தது. வெல்டா இல்லாத பெட்டியை இரண்டு கையால் அளந்து காட்டினாள். ரொட்டி சுடும் தகரம் அளவு. "சின்னப் பெட்டி போதும்," என்றாள். விசிறிகள் எல்லாம் நின்றுவிட்டன. "காற்று," என்றாள். முன்வரிசையில் ரோலண்ட் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கண்டம் தாண்டிவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு மே வந்தது. இலேசான பகுதி. துவைத்த துணியைக் கொடியில் போட்டபடி கோழிக்குஞ்சுகளைப் பற்றிப் பேச வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்லிவிடக்கூடிய இடம். ஒரு துணியை உதறினாள். நின்றாள்.

நான் வசனத்தை மெல்லச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மறுபடி, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவள் போர்வைப் பக்கம் திரும்பினாள், ஓட்டை வழியாக என் கண்ணைப் பார்த்தாள். என்னிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுகூட அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. லுட்மிலாவின் கண். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

வெல்டா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "காற்று," என்றாள். துணியை மடித்தாள். யாரும் இருமக்கூட இல்லை. "காற்று," என்றாள் மறுபடி, முன்னைவிடத் தணிந்து. மடித்த துணியைப் பிரித்தாள், திரும்பவும் மடித்தாள். "காற்று." எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. பிறகு அவள் தோள் இறங்கியது. "வெள்ளைக்கோழி ஒன்பது குஞ்சு பொரித்திருக்கிறது," என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கடைசி வரை ஒரு சொல் பிசகவில்லை.

இருநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மார்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் காத்து இருக்கே, மேடம், அதை நான் எழுதியிருக்கவே முடியாது," என்றாள். குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கு வேறென்ன பேச வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ரோலண்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சமையலறையின் பின்பக்கம், மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே அவளைத் தனியாகப் பிடித்தேன். அல்மீடாவின் நீளப் பாவாடையோடு, கையில் ஒரு துண்டு ருபார்ப் பலகாரத்துடன் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை.

"எத்தனை காத்து சொன்னேன்?" என்றாள்.

"ஊரே அழுதுதுடி. அதைப் போய் எண்ணுவாங்களா?"

"ஆர்டித்." பலகாரத்தைக் கீழே வைத்தாள். "முப்பத்தொரு வருஷத்துல நான் யாருக்கும் எடை குறைச்சுச் சொன்னதில்ல. எனக்கும் யாரும் குறைச்சுச் சொல்ல வேண்டாம்."

நானும் எண்ணியிருந்தேன்.

"ஏழு," என்றேன்.

"சீட்டுல?"

"நாலு."

ஏழில் நாலைக் கழிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. கதவுக்கு அப்பால் யாரோ அவள் பெயரைச் சொல்லி மறுபடி கைதட்டத் தொடங்கினார்கள். வெல்டா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். விரல் எல்லாம் சில்லிட்டிருந்தது.

"செவ்வாக்கிழமை டாக்டர் இருப்பார்," என்றாள். "வண்டியை நீ ஓட்டு."